நோய்க்கால இலக்கியமும் நாமும்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பது பழகிப்போன வாக்கு. அவ்வாக்கு உண்மையாயின், கொரோனாக் கொள்ளைநோய் உலகை உலுக்கிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் முகம் தமிழ் முஸ்லிம்களின் எழுத்தில் எவ்வாறு தெரிகிறது என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு. ஆண்டுகள் சில கடந்துவிட்டன, அச்சம் தணிந்துவிட்டது. முகக்கவசங்கள் அலமாரியின் மூலையில் கிடக்கின்றன. நிதானமாகத் திரும்பிப் பார்ப்பதற்கு இதுவே தக்க தருணம்.

ஊரடங்கு நாட்களில் கடைகள் மூடிக் கிடந்தன. எழுத்து மட்டும் ஓயவில்லை. கைபேசி வழியாகக் கவிதைகளும் கட்டுரைகளும் நாள்தோறும் வந்து குவிந்தன. அவற்றுள் என் பார்வைக்கு வந்தவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். இறைவனின் கோபத்தைக் காட்டிப் பிறரைச் சாடுவது ஒரு வகை. உலகமே முடிந்தது என்று புலம்புவது இன்னொரு வகை. நம் சமுதாயத்தின்மீது சுமத்தப்பட்ட பழியை மறுத்து, நாம் செய்த தொண்டுகளை எடுத்துரைப்பது மூன்றாம் வகை. மூன்றாவதற்கு நியாயமான காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். ஆயினும் இம்மூன்றினுள்ளும் அகப்படாமல் நழுவிப்போன ஒன்று இருக்கிறது. அது அக்காலத்து வாழ்க்கை.

எத்தகைய வாழ்க்கை அது! பாங்கோசை கேட்கும், பள்ளிவாசலுக்குச் செல்ல வழி இராது. வெள்ளிக்கிழமை வரும், ஜும்ஆ இராது. குளித்து, அத்தர் பூசி, வீட்டுக் கூடத்திலேயே லுஹர் தொழுதுவிட்டு அமர்ந்திருந்த முதியவர்களின் முகங்களை நாம் மறந்துவிட்டோமா? 2020 ஏப்ரல் 25ஆம் நாள் தொடங்கிய ரமளானில் பள்ளிவாசல் அடுப்பு எரியவில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரசு வழங்கிய அரிசி வீடுகளுக்கே வந்து சேர்ந்தது. பதினைந்து வயதுப் பேரன் முன்னின்று தராவீஹ் தொழுவிக்க, பாட்டனார் அவன் பின்னே நின்றார். பாட்டியும் தாயும் தமக்கையும் அவருக்குப் பின்னே அணிவகுத்தனர். பெண்கள் பலர் ஒரு ரமளான் முழுவதும் ஜமாஅத்தாகத் தொழுதது அதுவே முதன்முறை. மே 25ஆம் நாள் வந்த நோன்புப் பெருநாளில் ஒருவரையொருவர் தழுவாமல், கைகொடாமல், எட்டி நின்றே ஸலாம் சொல்லிக்கொண்டோம். வளைகுடா நாடுகளில் சிக்கிக்கொண்ட மகன்மார், தந்தையின் ஜனாஸாவைக் கைபேசித் திரையில் கண்டு அழுதனர்.

இவற்றைக் காட்டிலும் எழுதப்படாமல் போனது, ஒரே கூரையின்கீழ் நிலவிய மாறுபட்ட மனநிலைகள். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அண்ணன் காய்கறியை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் கழுவாமல் உள்ளே எடுக்கமாட்டார். வாசலில் சோப்பும் வாளியும் எப்போதும் இருக்கும். தம்பியோ, எல்லாம் தக்தீர் என்று கூறி, முகக்கவசமின்றி ஊர் சுற்றி வருவார். அண்ணன் தம்பியை மூடன் என்றார். தம்பி அண்ணனை ஈமான் குறைந்தவர் என்றார். 2021ஆம் ஆண்டு மே மாதத்து இரண்டாம் அலையில் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. தம்பி பிழைத்தார், அண்ணன் மௌத்தானார். நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் யார் என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அண்ணனின் பெயரைச் சொன்னால் தம்பி இன்றும் தலைகுனிந்து எழுந்து போய்விடுகிறார். இக்கதையை நம்மில் எவர் எழுதினோம்?

பிறர் எழுதிய விதம்

கொள்ளைநோய் இலக்கியத்திற்கு மேலைநாட்டில் நெடிய வரலாறு உண்டு. 1665ஆம் ஆண்டில் இலண்டனைத் தாக்கிய பிளேக் நோயைப் பற்றி டேனியல் டீஃபோ 1722ஆம் ஆண்டில் 'பிளேக் ஆண்டின் நாட்குறிப்பு' என்னும் நூலை வெளியிட்டார். நோய் பரவிய காலத்தில் டீஃபோ சிறு குழந்தை. ஆயினும் சேண வணிகர் ஒருவர் தாம் நேரிற் கண்டதைக் கூறுவதுபோல் நூல் அமைந்துள்ளது. வாரந்தோறும் வெளிவந்த மரணப் பட்டியல்கள், நோய் கண்ட வீட்டைப் பூட்டிக் காவல் வைத்த முறை, காவலனை ஏமாற்றித் தப்பியவர்கள், நோயை மறைத்தவர்கள் என எல்லாம் அதில் உள. 2020இல் வாழ்ந்த எவருக்கும் அந்நூல் பழைய நூலாகத் தோன்றாது.

அந்நூலில் முஸ்லிம் வாசகர் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஊரைவிட்டுப் போகாமல் தங்கினால் இறைவன் காப்பான் என்று கதை சொல்பவர் எண்ணுகிறார். அவருடைய தமையனார் அதனைக் கடிந்து, துருக்கியரும் முஸ்லிம்களும் விதியை நம்பி நோயாளிகளிடையே புழங்கி அழிந்தனர் என்று எடுத்துக்காட்டுகிறார். பிறகு நடப்பது என்ன? கதை சொல்பவர் தம் வேதநூலைத் திறந்து, கண்ணிற் பட்ட பகுதியைத் தமக்குரிய வாக்குறுதியாகக் கொண்டு ஊரிலேயே தங்கிவிடுகிறார். விதியை நம்பிக் கேடுறுபவர் முஸ்லிம் என்று கூறும் நூலில், விதியை நம்பித் தங்குபவர் ஆங்கிலேயக் கிறிஸ்தவரே! பழி தொலைவில் உள்ளவர்மீது விழுகிறது. செயல் வீட்டுக்குள் நடக்கிறது. டீஃபோ இம்முரணைக் கருதி எழுதினாரா என்பது இருக்கட்டும். கொள்ளைநோய்க் காலத்து மனிதமனத்தின் இயல்பு அதில் பதிவாகிவிட்டது.

அல்பேர் காம்யு 1947இல் எழுதிய 'கொள்ளைநோய்' என்னும் பிரெஞ்சு நாவல் புகழ்பெற்றது. அல்ஜீரியாவின் ஒரான் நகரம் பிளேக்கினால் அடைபட்டுக் கிடக்கிறது. கடமையைச் செய்யும் மருத்துவர் ரியே, தப்பியோட வழி தேடும் பத்திரிகையாளர், எல்லாரும் அஞ்சுவதைக் கண்டு தன் அச்சம் மறந்து மகிழும் குற்றவாளி எனப் பல மனநிலைகளைக் காம்யு அருகருகே நிறுத்துகிறார். அவர்களுள் பனலூ என்னும் பாதிரியார் இரண்டு முறை பிரசங்கம் செய்கிறார். முதற் பிரசங்கத்தில், இத்துன்பத்திற்கு நீங்களே உரியவர்கள் என்னும் பொருள்பட முன்னிலையில் பேசுகிறார். அதன்பின் குற்றமறியாத குழந்தை ஒன்று துடித்துத் துடித்து இறப்பதை அவர் அருகிருந்து காண்கிறார். இரண்டாம் பிரசங்கத்தில் 'நீங்கள்' என்னும் சொல் மறைந்து, 'நாம்' என்னும் சொல் வந்துவிடுகிறது. நாவலின் உயிர்நிலை இவ்வொரு சொல்மாற்றத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் காம்யுவின் 'நாம்' என்னும் சொல்லுக்குள்ளும் எல்லார்க்கும் இடமில்லை. பத்திரிகையாளர் ஒரானுக்கு வந்ததே அங்குள்ள அரபு மக்களின் வாழ்க்கை நிலையை ஆராய்வதற்காக. அச்செய்தி தொடக்கத்தில் ஒருமுறை வந்து மறைந்துவிடுகிறது. அரபு நாட்டின் நகரில் நடக்கும் கதையில் பெயர் சொல்லத்தக்க அரபுப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. அவர்களும் அந்நோயில் இறந்திருப்பார்கள் அல்லவா? அவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள்? நாவல் பேசவில்லை. மனிதகுலம் முழுவதையும் பேசுவதாகப் போற்றப்படும் நூலிலேயே இத்தகைய குறை உண்டெனில், நம் எழுத்தை நாம் எவ்வளவு கவனமாக நோக்க வேண்டும்!

நம் நாட்டில் இராஜிந்தர் சிங் பேடி உருதுவில் எழுதிய 'குவாரண்டைன்' சிறுகதை இக்குறையை ஈடுசெய்கிறது எனலாம். பிளேக்கைவிடக் குவாரண்டைன் முகாமுக்கே மக்கள் மிகுதியாக அஞ்சுகின்றனர். அஞ்சி நோயை மறைக்கின்றனர். கதை சொல்லும் மருத்துவரும் அஞ்சியபடியே கடமையைச் செய்கிறார். அஞ்சாமல் நோயாளிகளைத் தொட்டுப் பேணுபவர் பாகூ என்னும் துப்புரவுத் தொழிலாளி. இறுதியில் மாலையும் பணமுடிப்பும் மருத்துவருக்கே கிடைக்கின்றன. மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த பாகூ வந்து அவரை வாழ்த்திவிட்டுப் போகிறார். 2020இல் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கைதட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட நமக்கு இக்கதை தைக்காமல் இராது.

துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக் 2021இல் 'பிளேக் இரவுகள்' என்னும் நாவலை வெளியிட்டார். 1901ஆம் ஆண்டில் மிங்கேரியா என்னும் கற்பனைத் தீவில், முஸ்லிம்களும் கிரேக்கக் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் இடத்தில் பிளேக் பரவுகிறது. தடைவிதிகளை எதிர்க்கும் ஷெய்குகள் உளர். அவற்றை நடைமுறைப்படுத்தப் போராடும் முஸ்லிம் மருத்துவரும் உளர். நோயே இல்லை என்று சாதிக்க முயலும் ஆளுநரும், முதலிலேயே கப்பலேறி ஓடும் செல்வரும் உளர். முஸ்லிம் என்றால் விதிவாதி என்று டீஃபோ காலத்திலிருந்து தொடர்ந்துவந்த எண்ணத்திற்கு, வாதம் புரியாமல், மனிதர்களைக் காட்டியே பாமுக் விடையளித்துவிட்டார். நாவல் அளவுக்கு மீறி நீள்கிறது என்பது குறையே. ஆயினும் இத்துறையில் நம் எழுத்தாளர்கள் கற்கவேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

நம் மரபில் உள்ள ஒளி

மேலைநாட்டு நூல்களைத் தேடிப் போகுமுன் நம் வீட்டுப் பேழையையும் திறந்து பார்க்க வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிப் பயணம் செய்தபோது, ஸர்க் என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், அவர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றிற்று. அன்ஸாரிகளும் அவ்வாறே வேறுபட்டனர். குறைஷிப் பெரியவர்கள் திரும்பிவிடுமாறு கூறினர். கலீஃபா திரும்ப முடிவு செய்தபோது, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று தளபதி அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்னும் நபிமொழியைப் பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தார்கள்.

இவ்வரலாறு 2020இல் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டது. ஊரடங்கை ஆதரித்தவர் உமரைக் காட்டினர். எதிர்த்தவர் அபூஉபைதாவைக் காட்டினர். இருவரையும் ஒன்றாகக் கண்டவர் குறைவு. உமர் (ரலி) தம்மை மறுத்தவரின் ஈமானையோ அறிவையோ பழிக்கவில்லை. பிறகு நோய் முற்றியபோது அவரைக் காப்பாற்ற விரும்பித் தம்மிடம் வருமாறு கடிதம் எழுதினார்கள். அபூஉபைதா (ரலி) தம் படைவீரர்களை விட்டுவர மனமின்றி அங்கேயே தங்கி, அம்வாஸ் கொள்ளைநோயில் உயிர்துறந்தார்கள். ஒருவர் மக்களை நோயிலிருந்து விலக்கிக் காத்தார். மற்றவர் நோயில் மக்களை விட்டு விலகாமல் நின்றார். மாறுபட்ட இரு நிலைகளையும் மதித்துப் பதிவுசெய்த மரபு நம்முடையது.

பிற்கால நூல்களிலும் இத்தகைய நேர்மையைக் காணலாம். 1348இல் திமிஷ்க் நகரில் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றித் தத்தம் வேதங்களை ஏந்தி, வெறுங்காலுடன் நடந்து சென்று பிரார்த்தித்த காட்சியை இப்னு பதூதா உருக்கமாக வருணிக்கிறார். அதன் பயனாக இறைவன் துன்பத்தைக் குறைத்தான் என்றும் எழுதுகிறார். ஹதீஸ் கலை மேதை இப்னு ஹஜர் அஸ்கலானியோ, கொள்ளைநோய் பற்றித் தாம் இயற்றிய 'பத்லுல் மாஊன்' நூலில் வேறொன்றைக் கூறுகிறார். ஹிஜ்ரி 833இல், அதாவது 1430இல், கெய்ரோவில் மக்கள் இவ்வாறே பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்தனர். அதற்குமுன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த மரணங்கள், பின்னர் ஆயிரத்தைத் தாண்டின என்று அவர் குறிக்கிறார். இவ்வாறு கூடுவதற்கு முன்னோர் வழியில் ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். தம் மகளிர் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த தந்தை அவர். தம் மக்கள் செய்த பிழையை மறைக்காமல் எண்ணிக்கையுடன் எழுதினார். அதனால் அவருடைய சமுதாயப் பற்றை எவரும் ஐயுறவில்லை.

பழியும் பொறுப்பும்

இனி, மூன்றாம் வகை எழுத்துக்கு வருவோம். 2020 மார்ச் மாதத்தில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களைக் காரணமாகக் காட்டி, நோயை ஒரு சமுதாயமே திட்டமிட்டுப் பரப்பியதுபோல் நாடெங்கும் பேசப்பட்டது. காய்கறி விற்ற ஏழை வியாபாரியின் பெயர் கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர்மீது தொடுத்த வழக்குகளை இரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தைத் தெரிவித்தது. டெல்லி உயர்நீதிமன்றம் இந்தியர் எழுபது பேர்மீதான குற்றப்பத்திரிகைகளை 2025 ஜூலையில் இரத்துசெய்தது. பழி ஒரே நாளில் பரவியது. தீர்ப்பு வர ஐந்தாண்டுகள் ஆயின.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நேர்ந்தது இன்னும் கொடிது. தொற்றினால் இறந்தோர் அனைவரையும் தகனமே செய்தல் வேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. அடக்கம் செய்வதும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறியிருந்தும் அது ஏற்கப்படவில்லை. பிறந்து இருபது நாளே ஆன பச்சிளங்குழந்தையும் அவ்வாண்டு டிசம்பரில் எரியூட்டப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் கபன் துணியின் நினைவாக வெண்துணிகளைக் கட்டித் தம் துயரை வெளியிட்டனர். 2021 பிப்ரவரியில் தடை நீங்கியது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் பிற சமயத்தாரும் உண்டு. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரிற்று. எரிந்த ஜனாஸாக்களுக்கு அம்மன்னிப்பு எட்டுமா?

இவற்றை நாம் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் காம்யுவின் ஒரானில் மறைந்த அரபுகளைப்போல் நாமும் மறைந்துவிடுவோம். தமிழகத்தில் நம் இளைஞர்கள், உற்றார் தொட அஞ்சிய உடல்களைச் சாதி சமயம் பாராமல் அவரவர் முறைப்படி நல்லடக்கமும் தகனமும் செய்வித்ததையும் எழுதத்தான் வேண்டும். அச்சம் எல்லாரிடமும் இருந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றினால் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டமொன்று கல்லெறிந்து விரட்டியதை நாம் அறிவோம். அக்கூட்டத்தில் இருந்தவர்கள் எங்கிருந்தோ வந்த அரக்கர்கள் அல்லர், சாதாரணக் குடும்பத்தார்.

ஆனால் தற்காப்பு எழுத்துடன் நம் கடமை முடிந்துவிட்டதா? காய்ச்சலை மறைத்து நிக்காஹ் விருந்துக்குப் போனவர் நம்மில் இல்லையா? தடுப்பூசியைப் பற்றி ஆதாரமற்ற செய்திகளைக் கைபேசியில் பரப்பிய கைகள் நம் கைகள் அல்லவா? நோய் கண்டு மீண்ட பெண்மணியிடம் பல மாதம் பாத்திரம் வாங்காமல் ஒதுங்கிய அண்டை வீட்டார் நம் தெருவில் இல்லையா? பழிக்கு அஞ்சி இவற்றை எழுதாமல் விடுகிறோம். எழுதினால் எதிரிக்கு ஆயுதம் ஆகும் என்கின்றனர். இவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் தன் குறையை எழுதாத சமுதாயத்தின் துயரக் கணக்கையும் பிறர் முழுமையாக நம்பமாட்டார்கள். இப்னு ஹஜர் கெய்ரோவின் எண்ணிக்கையை மறைத்திருந்தால், அவர் சிந்திய கண்ணீரை இன்று நாம் எதைக்கொண்டு அளப்போம்?

பனலூ பாதிரியாரை மாற்றியது ஒரு குழந்தையின் மரணம். நமக்கும் அத்தகைய மரணங்கள் உண்டு. மாற்றம்தான் இன்னும் எழுத்தில் வரவில்லை. 'அவர்கள்' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதிய கை, 'நாம்' என்று எழுதப் பழக வேண்டும். அந்த 'நாம்' என்னும் சொல்லுக்குள் சோப்பும் வாளியும் வைத்த அண்ணனும் இருக்க வேண்டும். தக்தீர் பேசித் திரிந்த தம்பியும் இருக்க வேண்டும். எவரையும் மூடன் என்றோ ஈமான் குறைந்தவர் என்றோ தீர்ப்பு வழங்காமல், இருவர் நெஞ்சிலும் அன்று என்ன ஓடியது என்று கேட்கின்ற எழுத்து வேண்டும்.

அதற்குரிய சான்றுகள் நம் வீடுகளிலேயே உள்ளன. அன்று இமாமாக நின்ற சிறுவன் இன்று இளைஞன், அவனைக் கேளுங்கள். பின்வரிசையில் நின்ற பாட்டி இன்னும் இருக்கிறார். அவர் மறப்பதற்குள் கேளுங்கள். தலைகுனிந்து எழுந்து போகும் அந்தத் தம்பியிடம் உடனே கேட்கவேண்டாம், அருகில் அமர்ந்திருங்கள். என்றேனும் ஒருநாள் அவர் பேசுவார். அன்று கேட்டவர், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவாராக.